சாவி ஒருவரிடம், ராணியின் காது இன்னொருவரிடம்

கேள்வி இதுதான்: 2021 ஏப்ரலில் இளவரசர் பிலிப்பின் இறுதிச்சடங்குக்கு எலிசபெத் ராணி காரில் வந்தபோது, பக்கத்தில் கறுப்பு உடையில் உட்கார்ந்திருந்த வயதான பெண்மணி யார்? மகளும் இல்லை, மருமகளும் இல்லை. ‘லேடி-இன்-வெயிட்டிங்’ என்று செய்தியில் சொன்னார்கள். அப்படியென்றால் வேலைக்காரரா? வேலைக்காரர் என்றால், பிரபு வீட்டுப் பெண்கள் எதற்காகக் காலங்காலமாக அந்த வேலைக்குப் போட்டி போட்டார்கள்?

முதலில் அந்தப் பெண்மணி. பெயர் லேடி சூசன் ஹஸ்ஸி. ஏர்ல் என்ற பட்டம் உள்ள ஒரு பிரபுவின் மகள். கணவர் பி.பி.சி.யின் தலைவராக இருந்தவர். 1960இல் ராணியிடம் சேர்ந்தவர் என்பதால், அன்றைக்கு அவருக்குச் சுமார் 60 வருட சர்வீஸ். வேலைக்காரரா என்றால், ஆமாம், ராணிக்கு வேலை செய்தவர்தான். ஆனால் அந்த வேலை என்ன என்பதற்குப் பதில் சொல்ல ஐந்நூறு வருடம் பின்னால் போக வேண்டும். இங்கிலாந்து அரண்மனையோடு நிறுத்திக்கொள்கிறேன், ஒரே ஒரு முறை மட்டும் பிரான்ஸ் பக்கம் எட்டிப் பார்ப்போம்.

இவர்களைத் தமிழில் எப்படிச் சொல்வது என்பதே சிக்கல். சேடி என்றால் பூக்கூடையோடு நந்தவனத்துக்குப் போகும் பெண் கண்ணுக்கு முன் வருகிறாள். தோழி என்றால் சங்கப்பாட்டு. பணிப்பெண் என்றால் மாதச் சம்பளத்துக்குப் பாத்திரம் தேய்ப்பவர். மூன்றும் பொருந்தவில்லை. ‘வெயிட்டிங்’ என்பதையும் காத்திருத்தல் என்று எடுத்துக்கொள்ளக் கூடாது. நம் ஊர்க் கோயில்களில் பூசைக்கு முறை வரும், இந்த வாரம் இவர் முறை, அடுத்த வாரம் அவர் தம்பி முறை என்று. அதே கணக்குதான். முறைக்கு வந்திருப்பவர் ‘இன் வெயிட்டிங்’. முறை முடிந்தால் வீட்டுக்குப் போய்விடலாம், அடுத்தவர் வந்து நிற்பார்.

இவர்களுக்குள் ஏணிப்படி வரிசை உண்டு. உச்சியில் மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ரோப்ஸ். பெயரைப் பார்த்தால் ராணியின் உடைகளுக்குப் பொறுப்பு. அநேகமாக எப்போதுமே ஒரு டச்சஸ், அதாவது பிரபுக்களில் உச்சப் பட்டமான டியூக்கின் மனைவி. அடுத்த படியில் பெட்சேம்பர், அதாவது படுக்கையறை லேடிகள், பிரபுக்களின் மனைவிமார். அதற்கும் கீழே பெட்சேம்பர் வுமன்கள், நல்ல குடும்பம்தான், ஆனால் பட்டம் அவ்வளவு பெரிதில்லை. கல்யாணமாகாத பெண்களுக்கு மெய்ட் ஆஃப் ஹானர் என்ற தனி வரிசை. உடுத்திவிடுபவர்கள், சலவை செய்பவர்கள் எல்லாம் இந்த ஏணிக்கே வெளியே. அவர்கள்தான் நாம் சொல்கிற அர்த்தத்தில் வேலைக்காரர்கள்.

லேடி, வுமன் என்ற இரண்டு வார்த்தைக்கும் நடுவில் எவ்வளவு தூரம் என்று காட்ட ஒரு கடிதம் இருக்கிறது. 1728இல் எழுதியது. அதற்குச் சில வருடங்கள் முன்பு ஆன் ராணியின் அறையில் காலையில் என்ன நடக்கும் என்ற விவரம் அதில் இருக்கிறது.

ராணி கை கழுவ வேண்டும். பின்படிக்கட்டு வழியாக ஒரு பணியாள் தாம்பாளத்தையும் கூஜாவையும் கொண்டுவந்து ஓரமாக இருக்கும் மேசையில் வைப்பான். பெட்சேம்பர் வுமன் அதை எடுத்து ராணி முன்னால் வைத்து, மேசைக்கு எதிர்ப்பக்கத்தில் முழங்காலிட்டு, கூஜாவைச் சாய்த்து ராணியின் கையில் தண்ணீர் ஊற்றுவார். அந்த நேரத்தில் பெட்சேம்பர் லேடி என்ன செய்வார்? பார்த்துக்கொண்டு நிற்பார். கடிதத்தில் அப்படியேதான் இருக்கிறது. ராணி உள்ளாடை மாற்றும்போது வுமன் அதை எடுத்து லேடியிடம் கொடுக்க, லேடி ராணிக்குப் போட்டுவிடுவார். விசிறியும் சில நேரம் அதே வழியில் போகும். ராணிக்குக் கையுறையைத் தானே போட முடியாத நாளில் வுமன் இழுத்து மாட்டிவிடுவார். காலணி போட மறுபடியும் பின்படிக்கட்டுப் பணியாளைக் கூப்பிட வேண்டும். சாக்லேட் பானம் கொண்டுவருவது வுமன், அதற்கு மட்டும் முழங்காலிட வேண்டியதில்லை.

அந்த நாளில் லேடிக்கு வருடம் 1,000 பவுண்டு, வுமனுக்கு 500. நிற்பவருக்கு ஆயிரம், ஊற்றுபவருக்கு ஐந்நூறு. நம் அலுவலகங்களிலும் இதைப் பார்க்காமலா இருக்கிறோம்.

இந்த முறை பைத்தியக்காரத்தனத்தின் எல்லைக்குப் போனது பிரான்சில். ஒரு குளிர்காலக் காலையில் மரி அந்துவானெத் ராணி உடை களைந்து, உள்ளாடைக்காகக் கை நீட்டி நிற்கிறார். பணிப்பொறுப்பில் இருந்த மதாம் காம்பான் அதைக் கொடுக்கப் போகும் நேரத்தில் அவரைவிடப் பெரிய பதவிக்காரர் உள்ளே வருகிறார். கொடுக்கும் உரிமை இப்போது அவருக்கு. அவர் கையுறையைக் கழற்றி உள்ளாடையை வாங்குகிறார். அதற்குள் கதவை யாரோ சுரண்டுகிறார்கள், அங்கே கதவைத் தட்டக் கூடாது, சுரண்டத்தான் வேண்டும். வந்தவர் ஆர்லியன்ஸ் டச்சஸ், அரச குடும்பம். உள்ளாடை அவர் கைக்குப் போக வேண்டும். நேராகக் கொடுத்துவிடவும் கூடாது, காம்பான் வழியாகத்தான் போகும். போய்ச் சேர்வதற்குள் மறுபடியும் கதவுச் சத்தம். இந்த முறை ராஜாவின் தம்பி மனைவி. அவர் இன்னும் உயர்ந்தவர். ராணி கைகளை மார்பில் கட்டிக்கொண்டு வெடவெடவென்று நடுங்குகிறார். அதைப் பார்த்த தம்பி மனைவி கையுறையைக்கூடக் கழற்றாமல் அவசரமாகப் போட்டுவிட, ராணியின் தலைமுடி கலைந்துபோகிறது. ராணி சிரித்துச் சமாளித்தாலும் வாய்க்குள் முணுமுணுத்துக்கொண்டார் என்று காம்பானே பிற்பாடு எழுதினார்.

சிரிப்பு வருகிறது. ஆனால் ஒன்றைக் கவனியுங்கள். அந்த நான்கு பெண்களும் ஒரு துணிக்காக வரிசையில் நிற்கவில்லை, ராணியின் உடம்புக்கு யார் எவ்வளவு பக்கத்தில் போகலாம் என்பதற்காக நின்றார்கள். அரச உடம்பு அந்தக் காலத்தில் அரசாங்கக் காரியம்.

இங்கிலாந்தை ட்யூடர் வம்சம் ஆண்ட பதினாறாம் நூற்றாண்டுக்குப் போனால் இது இன்னும் வெட்டவெளிச்சமாகத் தெரியும். முதலாம் எலிசபெத் 1558இல் பட்டத்துக்கு வந்தபோது 25 வயது, கல்யாணமாகவில்லை. அவருக்குப் பிள்ளை பிறக்குமா என்பது ஐரோப்பா முழுக்கக் கேள்வி. 1559இல் ஸ்பெயின் தூதர், தன் ஒற்றர்கள் சொல்வது உண்மையென்றால் இந்தப் பெண்ணுக்குப் பிள்ளை பிறக்காது என்று தன் ராஜாவுக்கு எழுதினார். ஒற்றர்களுக்கு அது எப்படித் தெரியும்? ராணியின் படுக்கை விரிப்பையும் உள்ளாடையையும் கையால் தொடுகிறவர்களுக்குத்தான் தெரியும். ராணி படுக்கும் அறையில் இரவில் யாராவது ஒரு பெண் கூடப் படுத்தாக வேண்டும் என்ற ஏற்பாடும் அதனால்தான். பாதுகாப்புக்கு ஒன்று, நாளைக்கு யாராவது வாய் கூசாமல் பேசினால் சாட்சி சொல்ல இன்னொன்று.

அந்த ராணிக்கு மிக நெருக்கமாக இருந்தவர் கேட் ஆஷ்லி. எலிசபெத் சிறுமியாக இருந்தபோதே பாடம் சொல்லிக்கொடுத்து வளர்த்தவர். எலிசபெத்தின் மாற்றாந்தாயை மணந்த தாமஸ் சீமோர் இளவரசியிடம் வரம்பு மீறிப் பழகிய விவகாரத்தில் 1549இல் லண்டன் டவரில் அடைபட்டு விசாரணையைச் சந்தித்தவர். எலிசபெத் ராணியானதும் அந்தரங்க அறையின் தலைமைப் பெண் அவர்தான். 1559இல் ராணியையும் அவருக்கு மிகப் பிடித்தமான அரசவைக்காரர் ராபர்ட் டட்லியையும் சேர்த்து ஊரே பேசியது. அமைச்சர்கள் யாருக்கும் அதை ராணியிடம் நேராகச் சொல்லத் தைரியம் வரவில்லை. ஆஷ்லி முழங்காலிட்டு, கடவுளுக்காகவாவது ஒரு கல்யாணம் செய்துகொண்டு இந்தப் பேச்சுக்கு முடிவு கட்டுங்கள் என்று கெஞ்சினார். ஆஸ்திரியத் தூதரின் கடிதத்தில் இது பதிவாகியிருக்கிறது. ராணி கேட்கவில்லை என்பது வேறு விஷயம். ஆனால் கோபித்துத் துரத்திவிடவும் இல்லை.

1565இல் ஆஷ்லி இறந்ததும் அந்த இடத்துக்கு பிளான்ச் பாரி வந்தார். வேல்ஸ் எல்லையோரத்துக்காரர், எலிசபெத்தைத் தொட்டிலிலிருந்து பார்த்தவர். நகைகளுக்குப் பொறுப்பும் அவர்தான். கல்யாணமே செய்துகொள்ளாமல், கண் பார்வை போன பிறகும் ராணியோடு இருந்து 1590இல் இறந்தார். அவர் ஊரான பாக்டன் தேவாலயத்தில் பூவேலைப்பாடு செய்த பழைய துணி ஒன்று பல காலம் கிடந்தது. சில வருடங்களுக்கு முன்பு ஆராய்ந்து, அது எலிசபெத் ராணியின் உடையிலிருந்து வெட்டிய துணியாக இருக்க வேண்டும் என்று நிபுணர்கள் சொன்னார்கள். 2019இல் ஹாம்ப்டன் கோர்ட் அரண்மனையில் காட்சிக்கும் வைத்தார்கள்.

எல்லாருக்கும் அப்படிச் சுகமாக முடியவில்லை. 1562இல் ராணிக்குப் பெரியம்மை போட்டது, பிழைப்பாரா என்ற நிலை. கூடவே இருந்து பார்த்துக்கொண்ட லேடி மேரி சிட்னிக்கு அது தொற்றிக்கொண்டது. ராணியின் முகத்தைவிட இவர் முகம்தான் அதிகம் சிதைந்தது. பிரான்சுக்குப் போகும்போது அழகான மனைவியை விட்டுப் போனேன், திரும்பி வந்தபோது அம்மை எவ்வளவு விகாரமாக்க முடியுமோ அவ்வளவு விகாரமாக்கியிருந்தது என்று கணவர் எழுதிவைத்தார். மேரி ஷெல்டன் கதை வேறு மாதிரி. ராணியைக் கேட்காமல் ரகசியமாகக் கல்யாணம் செய்துகொண்டார். தெரிந்ததும் ராணி அடித்த அடியில் அவர் விரல் உடைந்தது. மெழுகுவர்த்தித் தண்டு விழுந்து அடிபட்டது என்று வெளியே சொல்லிக்கொண்டார்கள் என அக்காலக் கடிதம் ஒன்றில் வருகிறது. கொஞ்ச நாளில் சமாதானமாகி ஷெல்டன் அதே அறையில் வேலைக்குத் திரும்பினார் என்பதுதான் எனக்கு இதில் ஆச்சரியமான பகுதி.

எலிசபெத்தின் அப்பா எட்டாம் ஹென்றி காலத்தில் இந்தப் பெண்கள் கூட்டமே ராஜாவுக்குப் பெண் பார்க்கும் இடமாக இருந்தது. ஆன் போலின் முதல் ராணி கேதரினிடம் வேலை பார்த்தவர். ஜேன் சீமோர் ஆன் போலினிடம் இருந்தவர். கேதரின் ஹோவர்ட் நான்காவது ராணியிடம் சேர்ந்தவர். அந்த ஹோவர்டின் இரவுச் சந்திப்புகளுக்கு உதவினார் என்று அவரிடம் வேலை பார்த்த லேடி ராச்ஃபோர்டின் தலையையும், ஹோவர்டின் தலையை வெட்டிய அதே நாளில், 1542 பிப்ரவரியில் வெட்டினார்கள். இதையெல்லாம் நிறையப் பேர் நிறைய எழுதிவிட்டார்கள். அதே அரண்மனையில் அவ்வளவாகப் பேசப்படாத ஒருவர் மரியா டி சலினாஸ். முதல் ராணி கேதரினுக்காக ஸ்பெயினிலிருந்து வந்து, இங்கிலாந்துப் பிரபுவைக் கல்யாணம் செய்துகொண்டவர். கேதரினை ஹென்றி தள்ளிவைத்து கிம்போல்டன் கோட்டையில் அடைத்தபோது, அவரைப் பார்க்க மரியாவுக்கு அனுமதி இல்லை. 1536 புத்தாண்டு நேரத்தில் ராணி சாகக் கிடக்கிறார் என்று தெரிந்ததும் மரியா குதிரையில் கிளம்பி, இருட்டிய பிறகு கோட்டை வாசலில் நின்றார். வழியில் குதிரையிலிருந்து விழுந்துவிட்டேன், அனுமதிக் கடிதம் பின்னால் வருகிறது என்று சொல்லி உள்ளே போனார். கடிதம் வரவே இல்லை. காவலர்கள் அதன் பிறகு அவரைக் கண்ணாலேயே பார்க்கவில்லை. ஜனவரி 7ஆம் தேதி ராணி இறக்கும்போது அவர் பக்கத்தில் இருந்தார்.

இப்போது ஆன் ராணிக்கு வருவோம். கேள்வியின் இரண்டாவது பாதிக்கு, அதாவது ஏன் போட்டி என்பதற்கு, இதைவிட நல்ல உதாரணம் கிடையாது.

ஆன் 1702இல் ராணியானார். சிறுவயதுத் தோழி சாரா சர்ச்சில், மார்ல்பரோ டச்சஸ். இருவரும் ராணி, பிரஜை என்ற வித்தியாசம் இல்லாமல் பேச வேண்டும் என்று ஆளுக்கொரு புனைபெயர் வைத்துக் கடிதம் எழுதிக்கொண்டவர்கள். ஆன் திருமதி மோர்லி, சாரா திருமதி ஃப்ரீமன். ஆன் பட்டத்துக்கு வந்ததும் சாராவுக்கு மூன்று பதவிகள் சேர்ந்து கிடைத்தன. படுக்கையறைக்கு மொத்தத் தலைமை, உடைகளுக்குத் தலைமை, ராணியின் சொந்தப் பணத்துக்குப் பொறுப்பு. பதவிக்கு அடையாளம் இடுப்பில் தொங்கும் தங்கச் சாவி. கணவர் மார்ல்பரோ பிரபு ராணுவத் தளபதி. வெளிநாட்டுத் தூதர்கள்கூட டச்சஸ் முகம் பார்த்துப் பேசிய காலம் அது.

ஆனால் சாராவுக்கு அறையில் நிற்கப் பிடிக்காது. அரசியல் பிடிக்கும், விவாதம் பிடிக்கும், வீடு கட்டப் பிடிக்கும். நோயாளி ராணியின் கால்வலிப் புலம்பலைக் கேட்டுக்கொண்டு உட்காரப் பிடிக்காது. அரண்மனைக்கு வருவதே குறைந்தது. வந்தால் விக் கட்சிக்காரர்களை அமைச்சராக்குங்கள் என்று நச்சரிப்பு. ராணிக்கோ எதிர்க்கட்சியான டோரிகள் பக்கம் சாய்வு.

அந்த இடைவெளியில் அபிகெயில் ஹில் வந்தார். சாராவுக்கே ஒன்றுவிட்ட தங்கை முறை. அப்பா வியாபாரத்தில் நொடித்துப்போனவர். பாவம் பார்த்து சாராதான் அவரை பெட்சேம்பர் வுமனாகச் சேர்த்துவிட்டார். அபிகெயில் சத்தம் போடாதவர். ராணியின் காலுக்குக் கட்டுப்போடுவார், இரவில் கூட இருப்பார், கேட்டதற்குப் பதில் சொல்வார். 1707இல் அவருக்கும் சாமுவேல் மாஷம் என்பவருக்கும் ரகசியமாகக் கல்யாணம் நடந்தது. ராணியே அங்கே இருந்தார். சாராவுக்கு யாரும் சொல்லவில்லை. ராணி தன் சொந்தப் பணத்திலிருந்து 2,000 பவுண்டு எடுத்திருக்கிறார் என்று கணக்குப் பார்த்தபோதுதான் சாராவுக்குச் சந்தேகமே வந்தது. அந்தக் கணக்கைப் பார்க்கும் வேலை அவருடையதுதானே.

அடுத்த வருடம் ஆகஸ்டில் வெடித்தது. மார்ல்பரோ ஜெயித்த போருக்கு நன்றி சொல்ல செயின்ட் பால் தேவாலயத்தில் வழிபாடு. ராணி என்ன நகை போட வேண்டும் என்று சாரா எடுத்துவைத்திருந்தார், அது அவர் வேலை. ராணி அதைப் போடாமல் வந்தார். வண்டியில் போகும் வழியெல்லாம் சண்டை. தேவாலயப் படியில் ராணி ஏதோ பதில் சொல்ல வாயெடுக்க, ஜனங்கள் கேட்கும்படி பேசாதீர்கள், சும்மா இருங்கள் என்று சாரா அடக்கினார். நாட்டின் ராணியை, நாட்டு மக்கள் முன்னால். அதற்குப் பிறகு ஒட்டவே இல்லை. 1711 ஜனவரியில் மார்ல்பரோ முழங்காலிட்டுக் கெஞ்சியும் ராணி மசியாமல் தங்கச் சாவியைத் திரும்ப வாங்கிக்கொண்டார். காலி செய்யும்போது அரண்மனை அறைக் கதவுகளின் பித்தளைப் பூட்டுகளையும் சாரா கழற்றிக்கொண்டு போனார் என்று ஒரு கதை உண்டு. அவர் சுபாவத்துக்கு அது நம்பக்கூடிய கதைதான்.

எனக்கு இந்த விவகாரத்தில் மிகப் பிடித்த இடம் இதற்கு அடுத்த வருடம் வருகிறது. பிரபுக்கள் சபையில் பெரும்பான்மை வேண்டும் என்று ஒரே வீச்சில் 12 பேருக்குப் பிரபுப் பட்டம் கொடுத்தார்கள். சாமுவேல் மாஷமும் அந்தப் பட்டியலில். ராணி தயங்கினார். அபிகெயிலைப் பெரிய சீமாட்டியாக்கும் எண்ணம் எனக்கு இருந்ததில்லை, உருப்படியான ஒரு வேலைக்காரியை இழந்துவிடுவேனே, ஒரு பிரபுவின் மனைவி தரையில் படுத்துக்கொண்டு சின்னச் சின்ன வேலையெல்லாம் செய்தால் நன்றாயிருக்காதே என்று சொன்னாராம். அமைச்சர் டார்ட்மத் பிரபு குறித்துவைத்தது இது. கடைசியில், பட்டம் வந்தாலும் இப்போது செய்யும் வேலையை அப்படியே செய்வேன் என்று அபிகெயில் ஒப்புக்கொண்ட பிறகுதான் ராணி சம்மதித்தார். பார்த்துக்கொண்டு நிற்கிற டச்சஸுக்கு ராணியிடம் பேச முறை வரும் நாளுக்காகக் காத்திருக்க வேண்டும். தரையில் படுப்பவருக்கு ராத்திரி இரண்டு மணிக்கு ராணி தூக்கம் வராமல் பேச்சுக் கொடுப்பார். எந்த அமைச்சருக்கு அந்த நேரம் கிடைக்கும்?

மேலே சொன்ன 1728 கடிதத்துக்குத் தகவல் கொடுத்தவர் இந்த அபிகெயில்தான். ஏன் கேட்டார்கள் என்பதில் ஒரு வேடிக்கை. அப்போது ராணி கரோலைன், இரண்டாம் ஜார்ஜின் மனைவி. அவருடைய பெட்சேம்பர் வுமன் ஹென்ரியட்டா ஹோவர்ட். ராஜாவின் ஆசைநாயகியும் அவரே, ராணிக்கும் அது தெரியும். ஒரு நாள் தாம்பாளத்தைப் பிடித்துக்கொண்டு முழங்காலிட மாட்டேன் என்று ஹென்ரியட்டா முரண்டு பிடித்தார். கரோலைன் குரலை உயர்த்தவில்லை. செய்வாய் அம்மா, நீ செய்வாய் என்று எனக்குத் தெரியும், போ, வேறொரு நாள் பேசுவோம் என்று குழந்தையிடம் சொல்வதுபோலச் சொல்லி அனுப்பினார். ஹென்ரியட்டா விடாமல் மருத்துவர் ஆர்பத்நாட் மூலமாக, ஆன் ராணி காலத்தில் வழக்கம் என்ன என்று பழைய ஆளான அபிகெயிலிடம் கேட்டுவரச் சொன்னார். பதில் வந்தது: நாங்கள் முழங்காலிட்டோம். அவ்வளவுதான், தாம்பாளம் திரும்பவும் ஹென்ரியட்டா கைக்கு வந்தது. 1731இல் கணவருக்கு ஏர்ல் பட்டம் வந்து, தானும் கவுண்டஸ் ஆகி, மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ரோப்ஸ் பதவிக்கு உயர்ந்த பிறகுதான் முழங்காலுக்கு ஓய்வு.

மூன்றாம் ஜார்ஜின் மனைவி சார்லட் ராணி காலத்துக்கு வந்தால் அரசியல் வாசனை குறைந்து சலிப்புதான் மிஞ்சுகிறது. ஃபானி பர்னி என்ற புகழ்பெற்ற நாவலாசிரியை 1786இல் உடைப் பொறுப்பில் இரண்டாம் நிலை ஆளாகச் சேர்ந்தார், வருடம் 200 பவுண்டுக்கு. மற்றவர்கள் பெரிய கௌரவம் என்று தள்ளிவிட்ட வேலை. காலை ஆறு மணிக்கு எழுந்து மணிச் சத்தத்துக்குக் காத்திருக்க வேண்டும். மணி அடித்தால் ஓட வேண்டும். மாலைகளை மேலதிகாரி திருமதி ஷ்வெல்லென்பர்கோடு கழிக்க வேண்டும். அந்த அம்மையார் கண்ணாடிப் பாத்திரத்தில் தவளை வளர்த்துக்கொண்டு, அது கத்துவதை மெச்சிக்கொண்டிருப்பவர். சேர்வதற்கு முன்பே ஃபானி அரண்மனை மரியாதைகளைக் கிண்டலடித்து வீட்டுக்கு ஒரு கடிதம் எழுதியிருந்தார். ராணி முன்னால் இருமல் வந்தால் இருமக் கூடாது, தும்மல் வந்தால் மூச்சைப் பிடித்துக்கொள்ள வேண்டும், கொண்டை ஊசி தலையில் குத்தி ரத்தம் வழிந்தாலும் வழியவிட வேண்டும், துடைக்கக் கூடாது என்று. கிண்டலாக எழுதியதை ஐந்து வருடம் அனுபவித்தார். உடம்பு கெட்டு 1791இல் விட்டு வந்தார்.

அரசியல் மறுபடியும் படுக்கையறைக்குள் வந்தது 1839இல். விக்டோரியா ராணிக்கு 20 வயது ஆக இரண்டு வாரம் இருந்தது. பிரதமர் மெல்போர்ன் ஜமைக்கா மசோதாவில் வெறும் 5 ஓட்டு வித்தியாசத்தில் தப்பித்து, மே 7ஆம் தேதி ராஜினாமா செய்தார். எதிர்க்கட்சியின் ராபர்ட் பீலை ராணி கூப்பிட்டார். பீலுக்கு நாடாளுமன்றத்தில் பெரும்பான்மை இல்லை. ராணியின் நம்பிக்கை தன் பக்கம் இருக்கிறது என்று ஊருக்குக் காட்ட ஏதாவது வேண்டும். ராணியைச் சுற்றியிருந்த பெண்களோ எல்லாரும் மெல்போர்னின் விக் கட்சிக் குடும்பங்கள். மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ரோப்ஸ் சதர்லாண்ட் டச்சஸின் அண்ணன் அயர்லாந்து நிர்வாகத்தின் செயலர். லேடி நார்மன்பியின் கணவர் அங்கே அரசப் பிரதிநிதியாக இருந்தவர். பீலின் தலைவலியே அயர்லாந்துதான். தன் எதிரிகளின் வீட்டுப் பெண்கள் காலையும் மாலையும் ராணி காதருகில் இருந்தால் நான் எப்படி ஆட்சி நடத்துவது என்பது அவர் கேள்வி.

சிலரையாவது மாற்ற வேண்டும் என்றார். ராணி ஒருவரையும் விடமாட்டேன் என்றார். மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ரோப்ஸையுமா என்று பீல் கேட்டார். எல்லாரையும்தான் என்றார் ராணி. பீல் பதவியே வேண்டாம் என்று போய்விட, மெல்போர்ன் திரும்பி வந்து 1841 வரை இருந்தார். பெண்களை மாற்றச் சொன்னதால் ஓர் அரசாங்கம் அமையாமல் போனது. வயதான பிறகு விக்டோரியாவே, அப்போது சின்னப் பெண், அது தப்புதான் என்று ஒப்புக்கொண்டார். என் கணக்கில் இருவர் பக்கமும் நியாயம் இருந்தது. பீல் கேட்டது அரசியல் ஆட்களை. விக்டோரியாவுக்கு அவர்கள் கூடப் பேச இருந்த மனிதர்கள். அந்தப் பதவி எப்போதுமே இரண்டுமாக இருந்ததுதான் சிக்கல்.

அதே வருடத்தில் இன்னொரு அசிங்கமும் நடந்தது. ராணியின் அம்மாவிடம் இருந்த லேடி ஃபுளோரா ஹேஸ்டிங்ஸ் வயிறு வீங்கித் தெரிந்ததும், கல்யாணமாகாதவர் கர்ப்பம் என்று அரண்மனைப் பெண்களே வதந்தி பரப்பினார்கள். ராணியும் நம்பினார். மருத்துவப் பரிசோதனைக்கு ஃபுளோரா உட்பட வேண்டியிருந்தது. அது கட்டி. ஜூலையில் இறந்துபோனார். ராணியின் வண்டியைப் பார்த்து ஜனங்கள் கூச்சல் போட்டார்கள்.

1841இல் பீல் மறுபடியும் வந்தபோது, ராணியின் கணவர் ஆல்பர்ட் முன்கூட்டியே பேசி, மூன்று விக் பெண்கள் தாங்களாகவே விலகும்படி ஏற்பாடு செய்தார். அதற்குப் பிறகு, அரசாங்கம் மாறினால் மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ரோப்ஸ் மட்டும் மாறுவார், மற்றவர்கள் இருக்கலாம் என்பது வழக்கமானது. இதில் ஒரு வேடிக்கை பிற்பாடு வந்தது. 1892இல் கிளாட்ஸ்டன் பிரதமரானார். அயர்லாந்துக்குச் சுயாட்சி என்ற அவர் கொள்கையால் பிரபுக்கள் கூட்டம் கூட்டமாகக் கட்சியை விட்டுப் போயிருந்தது. பதவிக்கு டச்சஸ் வேண்டும், கட்சியில் டச்சஸே கிடைக்கவில்லை. இடம் காலியாகவே கிடந்தது.

அந்த நேரத்தில் அது காலியாக இருந்தாலும் யாருக்கும் நஷ்டமில்லை என்பதையும் சொல்ல வேண்டும். ராணி கையிலிருந்து அதிகாரம் நாடாளுமன்றத்துக்குப் போய்விட்டது. ராணியின் காதில் ஓதி இனி அமைச்சரை மாற்ற முடியாது. மிச்சமிருந்தது துணை மட்டும்தான். லேடி ஜேன் சர்ச்சில் 1854இலிருந்து விக்டோரியாவோடு இருந்தவர். 1900 கிறிஸ்துமஸ் சமயத்தில் ஆஸ்பர்ன் மாளிகையில் தூக்கத்திலேயே இறந்தார். அடுத்த மாதம் ராணியும் போய்விட்டார்.

இரண்டாம் எலிசபெத் காலத்தில் மிஸ்ட்ரஸ் ஆஃப் தி ரோப்ஸ் முழுச் சடங்குப் பதவி. 1953 முடிசூட்டு விழாவில் ராணியின் மேலங்கியை எடுக்கும்போது கூட நின்று உதவியவர் அந்தப் பதவியில் இருந்த டெவன்ஷயர் முதிய டச்சஸ். நீண்ட வெல்வெட் தோகையைத் தூக்கி வந்தவர்கள் ஆறு மெய்ட் ஆஃப் ஹானர்கள். 1967இல் பதவிக்கு வந்த கிராஃப்டன் டச்சஸ் 2021இல் இறக்கும் வரை அதில் இருந்தார். அந்த இடத்துக்கு ராணி வேறு யாரையும் போடவில்லை. அன்றாட வேலை சூசன் ஹஸ்ஸி போன்றவர்களிடம் இருந்தது. முறைக்கு வருவார்கள். குழந்தைகள் எழுதும் கடிதங்களுக்கு ராணி சார்பில் பதில் எழுதுவார்கள். ஊர்ப்பயணத்தில் ராணி கையில் சேரும் பூங்கொத்துகளை வாங்கிப் பின்னால் கொடுப்பார்கள். விருந்தில் தனியாக நிற்கும் விருந்தாளியிடம் போய்ப் பேச்சுக் கொடுப்பார்கள். சம்பளம் கிடையாது, செலவுப் பணம் மட்டும்.

ராணி இறந்த பிறகு, 2022 நவம்பரில், கமிலா ராணி இந்த முறையையே நிறுத்தினார். லேடி-இன்-வெயிட்டிங்குகளுக்குப் பதிலாக ஆறு ‘கம்பானியன்’கள். எப்போதாவது நிகழ்ச்சிக்கு வருவார்கள். கடிதங்களை அலுவலகம் பார்த்துக்கொள்ளும். அதே மாதக் கடைசியில் பக்கிங்ஹாம் அரண்மனை விருந்தில், கறுப்பினத்தவரான ஒரு தொண்டு நிறுவனத் தலைவியிடம், நீங்கள் உண்மையில் எந்த ஊர் என்று திரும்பத் திரும்பக் கேட்ட விவகாரத்தில் சூசன் ஹஸ்ஸி பொறுப்பிலிருந்து விலகி, நேரில் மன்னிப்புக் கேட்டார்.

அந்த ஏப்ரல் மாதக் காரைப் பற்றிக் கேட்டிருந்தீர்கள். அன்றைக்கு ராணியின் நான்கு பிள்ளைகளும் சவப்பெட்டிக்குப் பின்னால் நடந்து போனார்கள். 94 வயது ராணியால் அந்த வழியை நடக்க முடியாது. காரில் கூட உட்கார ஒருவர் வேண்டும், அதற்குத்தான் 60 வருடமாக ஹஸ்ஸி இருந்தார். விண்ட்சர் கோட்டைக்குள்ளேயே சின்னப் பயணம். கொரோனா கட்டுப்பாட்டால் தேவாலயத்துக்குள் 30 பேருக்கு மட்டும்தான் அனுமதி. ராணி முகக்கவசத்தோடு வரிசையில் தனியாக உட்கார்ந்திருந்தார்.